மென்கூழில் எழும் எலும்பு: உயிரச்சு முறையும் கண்டியின் தாடை நோயாளரும்

உயிரச்சு என்பது, உயிருள்ள கலங்களை மென்மையான ஜெல் ஒன்றில் கலந்து, கணினியில் வரைந்த வடிவத்தின்படி அடுக்கடுக்காக இட்டு, இழையமாக வளரவிடும் முறை. தோல், குருத்தெலும்பு, ஈரல் எனப் பல இழையங்களில் இது பரீட்சிக்கப்படுகிறது. எலும்பு என்று வரும்போது ஒரு கேள்வி உடனே எழும். உடலின் மிகக் கடினமான இழையங்களில் ஒன்றை ஏன் கூழிலிருந்து தொடங்க வேண்டும்? முதிர்ந்த எலும்பின் செறிந்த வெளிப்பகுதியின் விறைப்பு 15 முதல் 20 கிகாபஸ்கால். கலங்கள் உயிரோடு தங்கக்கூடிய ஜெல்களின் விறைப்போ பெரும்பாலும் சில கிலோபஸ்காலிலிருந்து சில பத்துக் கிலோபஸ்கால் வரைதான். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு வேறுபாடு.

விடை, எலும்பு உருவாகும் வழியில் இருக்கிறது. எலும்பின் எடையில் 60 முதல் 70 சதவீதம் கனியம். கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த, அபத்தைற்று வகையைச் சேர்ந்த நுண்பளிங்குகள். மீதியில் பெரும்பங்கு கொலாஜன் என்னும் புரத நார், எஞ்சியது நீர். எலும்பாக்கும் கலங்கள் கனியத்தை நேரடியாகக் கட்டுவதில்லை. முதலில் கொலாஜன் நிறைந்த மென்மையான தளத்தைச் சுரக்கின்றன; கனியம் அதன்மேல் பின்னரே படிகிறது. கருவில் கை, கால், முதுகு எலும்புகள் குருத்தெலும்பாகவே முதலில் தோன்றுகின்றன. குருதிக்கலன்கள் உள்ளே புகுந்த பிறகுதான் அவை எலும்பாக மாறுகின்றன. முறிந்த காலிலும் நடப்பது இதுவே: குருதி உறைந்து, இரண்டு மூன்று வாரங்களில் மென்மையான இணைப்பு இழையம் எழுந்து, அது கனியமேறி, மாதக்கணக்கில் செதுக்கப்பட்டுப் பழைய வடிவத்துக்கு வருகிறது. உடல் எலும்பைக் கட்டத் தொடங்கும் இடம் எப்போதும் மென்மையானதே. ஆகவே கூழில் தொடங்குவது, உடல் எடுத்துக்கொள்ளும் வழியிலேயே தொடங்குவதாகும்.

கலங்கள் தம்மைச் சூழ்ந்த பொருளின் விறைப்பை உணர்ந்து நடக்கின்றன என்பதும் இன்று நிறுவப்பட்ட உண்மை. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அடம் எங்லர், டென்னிஸ் டிஷர் ஆகியோரின் குழு 2006 இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பு மச்சையிலிருந்து எடுத்த ஸ்டெம் கலங்களை வெவ்வேறு விறைப்புள்ள ஜெல்களின்மேல் வளர்த்தது. 1 கிலோபஸ்காலுக்கு உட்பட்ட மென்மையில் அவை நரம்புக் கலங்களைப் போலக் கிளைவிட்டன. 8 முதல் 17 வரை தசைப் பண்பு காட்டின. 25 முதல் 40 வரை எலும்பாக்கும் பண்பு காட்டின. கனியம் படியாத புதிய எலும்புத் தளத்தின் விறைப்பும் ஏறத்தாழ இந்தக் கடைசி அளவே. பின்னர் ஓவிஜித் சௌதுரி, டேவிட் மூனி ஆகியோரின் குழு 2016 இல் வெளிவந்த ஆய்வில் இதை இன்னும் ஆழமாக்கியது. விறைப்பு ஒன்றாகவே இருந்தாலும், கலம் இழுக்கும்போது விரைவாக இளகிக் கொடுக்கும் ஜெல்லுக்குள்தான் கலங்கள் கனியம் நிறைந்த தளத்தைச் செம்மையாக உண்டாக்கின. மணிக்கணக்கில் இறுகி நிற்கும் ஜெல் அவற்றைச் சிறைப்படுத்தியது. ஒரு நிமிட அளவில் தளர்ந்து கொடுக்கும் ஜெல் அவற்றுக்கு இடம்விட்டது. எலும்புக்கான ஜெல் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்று மட்டும் பார்த்துவந்த ஆய்வாளர், அது எவ்வளவு விரைவில் இளக வேண்டும் என்றும் பார்க்கத் தொடங்கியது இதன் பிறகே.

வெற்றிலையும் தாடையும்

கண்டிப் பிரதேசத்தில் எலும்புத் திருத்தத்தின் தேவை மிகக் கூர்மையாகத் தெரிவது தாடையில். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் உதடு, வாய், தொண்டை சார்ந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்து மெல்லும் வழக்கமே இதன் முதன்மைக் காரணம். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட மதிப்பீட்டில் உறுதிசெய்தது. மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு வாயில் வெற்றிலை நாள் முழுவதும் துணையாக இருக்கிறது. பசியையும் களைப்பையும் அடக்க அது தரும் உதவியைப் பார்க்காமல், வழக்கத்தை மட்டும் குறைசொல்வது நீதியாகாது.

நோய் கீழ்த்தாடைக்குள் பரவினால், எலும்பின் ஒரு பகுதியையே வெட்டியெடுக்க நேரிடும். அம்பிட்டிய, தலாத்துஓயா, ஹங்குரன்கெத்த வழியாக வரும் நோயாளருக்குக் கண்டி தேசிய வைத்தியசாலை அருகில் உள்ளது. அங்கிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் பேராதனைப் பல் வைத்தியசாலை. 1943 இல் கொழும்பில் தொடங்கிய பல் மருத்துவக் கல்வி 1950களில் பேராதனைக்கு வந்தது. அதன் பின் நெடுங்காலம் நாட்டின் பல் மருத்துவர் அனைவரும் பயின்ற ஒரே பீடம் அதுதான். வாயும் முகமும் சார்ந்த சத்திரசிகிச்சையில் இலங்கையின் அனுபவம் பெருமளவு அங்கே சேர்ந்திருக்கிறது.

வெட்டப்பட்ட தாடைக்கு மாற்றாக இன்று உலகெங்கும் சிறந்ததாகக் கருதப்படுவது, கணைக்காலின் மெல்லிய வெளியெலும்பை அதன் குருதிக்கலன்களோடு எடுத்து, துண்டுகளாக வெட்டித் தாடையின் வளைவுக்குப் பொருத்தி, கழுத்தின் குருதிக்கலன்களோடு தைக்கும் முறை. அவுஸ்திரேலியாவின் இயன் டெய்லர் 1975 இல் இந்த எலும்பைக் குருதியோட்டத்தோடு இடம்மாற்றிக் காட்டினார். அமெரிக்காவின் டேவிட் ஹிடல்கோ 1989 இல் அதைத் தாடைக்குக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் வரை எலும்பு கிடைக்கும். உயிரோடு இருப்பதால் அது இணைந்து வளரும். ஆனால் சத்திரசிகிச்சை எட்டு, பத்து மணிநேரம் நீளலாம். மில்லிமீற்றர் அளவுக் குருதிக்கலன்களை நுணுக்குக்காட்டியின் கீழ் தைக்கத் தெரிந்தவர் வேண்டும். நோயாளிக்கு வாயில் ஒரு காயமும் காலில் இன்னொரு காயமும் உண்டாகின்றன. தேயிலைச் சரிவில் ஏறி இறங்கி வாழ்பவருக்குக் கால் சிறிய விடயமல்ல. குருதியோட்டம் இல்லாமல் இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து எடுத்து வைக்கும் துண்டு சிறிய குறைக்கே போதும். தைத்தேனியத் தகடு இடைவெளியைத் தாங்கும், ஆனால் எலும்பாகாது. காலப்போக்கில் தோலைத் துளைத்து வெளித்தெரியவும் கூடும். தானமாகப் பெற்ற எலும்பு இன்னொரு வழி. இலங்கைக் கண்தான சங்கத்தை நிறுவிய ஹட்சன் சில்வாவின் முயற்சியில், சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் துணையோடு 1996 இல் கொழும்பில் மனித இழைய வங்கி தொடங்கியது. காமாக் கதிரால் கிருமி நீக்கிய எலும்பை வைத்தியசாலைகளுக்குத் தருவது அதன் பணிகளில் ஒன்று. அந்த எலும்பு வடிவமும் கனியமும் தரும். கதிரில் அதன் கலங்கள் இறந்துவிடுவதால் பெரிய இடைவெளியை அதனால் மட்டும் உயிர்ப்பிக்க முடியாது.

இவை ஒவ்வொன்றிலும் இல்லாத ஒன்றையே உயிரச்சு தர முயல்கிறது: நோயாளியின் சி.ரி. ஸ்கானில் தெரியும் இடைவெளிக்கு அச்சொட்டான வடிவமும், அதற்குள் அவருடைய சொந்த உயிர்க்கலங்களும்.

கையிலிருக்கும் கனியம்

எலும்பின் கனியப் பகுதிக்கு இலங்கையில் பஞ்சமில்லை. அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் 1971 இல் கண்டறியப்பட்ட அபத்தைற்றுப் படிவு ஏறத்தாழ 6 கோடித் தொன் என்று மதிப்பிடப்பட்டது. அதை வெளிநாட்டுக் கூட்டு நிறுவனத்துக்குக் கையளிக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர்மக்கள் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2000 இல் வழங்கிய தீர்ப்பு, சுற்றாடல் சட்டத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. இந்தப் பாறை பெரும்பாலும் உரத்துக்கே பயன்படுகிறது. அதில் புளோரினும் குளோரினும் வேறு உலோகச் சுவடுகளும் கலந்திருப்பதால், உடலுக்குள் வைக்க வேண்டுமானால் அமிலத்தில் கரைத்து, பிரித்து, தூய ஐதரொட்சி அபத்தைற்றாகத் திரும்பப் படிய வைக்க வேண்டும். கல்சியத்துக்கும் பொஸ்பரசுக்கும் உள்ள அணு விகிதம் 1.67 ஆக வர வேண்டும். கரைசல் காரமாக இருக்க வேண்டும். வெப்பநிலையைப் பொறுத்துப் பளிங்குகள் ஊசிபோலவோ உருண்டையாகவோ வரும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் துறையில் ஆர். எம். ஜி. ராஜபக்ஷவின் குழு 2010களில் இப்பணியில் ஈடுபட்டது. ஊசி வடிவிலும் உருண்டை வடிவிலும் நனோ அளவு ஐதரொட்சி அபத்தைற்றைத் தயாரித்தது. அதைத் தைத்தேனியத்தின்மேல் பூசி எலும்போடு ஒட்டும் பதியங்களுக்கு வழிதேடியது. மலையகத்தில் தாராளமாகக் கிடைக்கும் தொலமைற்றுச் சலவைக்கல்லிலிருந்து கல்சியச் சேர்வைகளைப் பிரித்தெடுக்கும் வழிகளையும் ஆராய்ந்தது. பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னை ஐ.ஐ.டி.யில் டி. எஸ். சம்பத்குமாரின் ஆய்வகம் முட்டையோட்டிலிருந்து இதே கனியத்தை உண்டாக்கிக் காட்டியது. கல், ஓடு, சிப்பி எதிலிருந்தும் இது வரும் என்பதால், கனியத்தைக் கிடைத்தற்கரிய பொருளாகப் பேசுவதில் பயனில்லை.

அரிதானது மற்றப் பாதி. நனோ அபத்தைற்று எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், அதைச் சூளையில் சுட்டுச் செய்யும் பீங்கான் துண்டுக்குள் உயிர்க்கலத்தை வைக்க முடியாது. ஆயிரம் பாகை வெப்பத்தில் எதுவும் தப்பாது. வெறும் தூளாக வைத்தால் காயத்திலிருந்து கழுவிப் போய்விடும். அதைத் தாங்கும் ஈரமான மென்தளம் வேண்டும். கண்டியில் இதுவரை நடந்த வேலை கனியத்தின் பக்கமே கனத்திருக்கிறது. இனி வரும் உழைப்பு மென்தளத்தின் பக்கம் திரும்பினால்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று பயன்படும்.

மை என்பது என்ன

உயிரச்சில் ஊசிமுனை வழியே வரும் கலவையை ஆய்வாளர் உயிர்மை என்று அழைக்கின்றனர். எலும்புக்கு மிகுதியாகப் பயன்படும் மைகளின் அடிப்படை அல்ஜினேற்று, ஜெலற்றின், கொலாஜன், பட்டுப் புரதம், ஹயலூரோனிக் அமிலம் ஆகியவை.

அல்ஜினேற்று பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. சார்காசம் என்னும் பாசி இலங்கைக் கரையோரப் பாறைகளிலும் வளர்கிறது. மன்னார் வளைகுடாவின் இராமநாதபுரக் கரையில் அதை நெடுங்காலமாகத் தொழிலுக்காக அறுவடை செய்கின்றனர். அல்ஜினேற்றுக் கரைசலில் கல்சியம் பட்டவுடன் அது இறுகி ஜெல்லாகிறது. வெப்பம் வேண்டாம், நச்சு இரசாயனம் வேண்டாம். அதன் குறை, கலங்கள் பற்றிக்கொள்ளப் பிடி எதுவும் அதில் இல்லாதது. ஆகவே கலங்கள் இயற்கையாகப் பிடிக்கும் புரதத்தின் ஒரு சிறு துண்டை, மூன்று அமினோ அமிலங்கள் மட்டும் கொண்டதை, அல்ஜினேற்றோடு இணைக்கின்றனர். அத்துண்டு 1984 இல் மைக்கேல் பியர்ஷ்பாக்கர், எர்க்கி ருஒஸ்லாத்தி ஆகியோர் கண்டறிந்தது. இன்னொரு குறை, பாலூட்டிகளின் உடலில் அல்ஜினேற்றைச் சிதைக்கும் நொதியம் இல்லாதது. காமாக் கதிரில் முன்கூட்டியே அதன் சங்கிலிகளைக் குறுக்கினால், எலும்பு வளரும் வேகத்துக்கு ஏற்பக் கரைந்து வெளியேறும்.

ஜெலற்றின் கொலாஜனைப் பிரித்துப் பெறுவது. கலத்துக்கு வேண்டிய பிடி அதில் இயல்பாகவே உண்டு. ஆனால் உடல் வெப்பநிலையில் உருகிவிடும். அதனால் ஒளிபட்டால் இறுகும் கூறுகளை அதில் சேர்த்து, அச்சிட்டபின் நீல ஒளியால் நிலைப்படுத்துகின்றனர். பன்றித் தோல், மாட்டுத் தோல், மீன் தோல் எதிலிருந்து எடுத்தது என்பது கண்டி போன்ற பல சமய நகரத்தில் நோயாளி கேட்கக்கூடிய கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு மையைத் தெரிவுசெய்பவரிடமே இருக்கிறது. மீன் ஜெலற்றின் இன்னும் தாழ்ந்த வெப்பநிலையில் உருகுவதால் அச்சில் அதைக் கையாள்வது கடினம். ஒளியால் இறுக்கிவிட்டால் இந்த வேறுபாடு பெரிதும் மறையும்.

டில்லி ஐ.ஐ.டி.யில் சௌரப் கோஷின் குழு 2015 இல் பட்டுப் புரதமும் ஜெலற்றினும் கலந்த உயிர்மையை வெளியிட்டது. காளானிலிருந்து எடுத்த தைரோசினேஸ் என்னும் நொதியத்தால் அல்லது ஒலியதிர்வால் அதை இறுக்கலாம்; அதற்குள் வைத்த ஸ்டெம் கலங்கள் எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு எனப் பல திசைகளில் மாறின. தெற்காசியாவில் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கும் பொருளிலிருந்து ஒரு மை தோன்றியதால் இந்த ஆய்வு தனிக் கவனத்துக்குரியது.

அச்சின் வேலையை நெருங்கிப் பார்த்தால், ஒரு மில்லிலீற்றர் மையில் பத்து இலட்சம் முதல் ஒன்றிரண்டு கோடிக் கலங்கள் வரை கலக்கப்பட்டிருக்கும். குழாய்க்குள் காற்றமுக்கம் தள்ள, 0.25 முதல் 0.4 மில்லிமீற்றர் விட்டமுள்ள முனையிலிருந்து நூல் போல மை இறங்கும். இடியப்ப உரலில் மா இறங்குவது போலத்தான். ஆனால் இங்கே மாவின் ஒவ்வொரு துணிக்கையும் உயிருள்ளது. குறுகிய முனையின் சுவரோடு உரசிச் செல்லும் கலம் பக்கவாட்டில் இழுபட்டுக் கிழியலாம். மை தடிப்பாக இருந்தால் நூல் வடிவம் குலையாது, கலம் சாகும்; ஐதாக இருந்தால் கலம் பிழைக்கும், நூல் பரந்து போகும். அழுத்தும்போது இளகி, விட்டவுடன் தடித்துவிடும் மை வேண்டும். பிதுக்கி அச்சிடும் முறையில் கலங்களில் 40 முதல் 80 சதவீதம்தான் பிழைக்கும் என்றும், துளித்துளியாகத் தெறிக்கும் முறையில் 85 சதவீதத்துக்கு மேல் என்றும், லேசர் முறையில் 95க்கு மேல் என்றும் மர்ஃபியும் அன்ரனி அற்றலாவும் 2014 இல் தொகுத்துக் காட்டினர். அதன் பின் முறைகள் மேம்பட்டிருந்தாலும் இந்த இழுபறி நீங்கவில்லை.

வெப்பநிலையும் தன் பங்குக்கு விளையாடும். கண்டியின் வழக்கமான 24, 25 பாகை அறையில் ஜெலற்றின் கட்டியாவதற்கும் ஓடுவதற்கும் நடுவே நிற்கும். இரண்டு மூன்று பாகை மாறினாலே நூலின் தடிப்பு மாறும். ஆகவே மைக்குழாயையும் அச்சுமேடையையும் தனித்தனியே குளிர்விக்கும் அச்சுப்பொறி இங்கே ஆடம்பரமல்ல. நனோ அபத்தைற்றைச் சேர்த்தால் மை இன்னும் பிசுக்காகி வடிவம் பிடிக்கும், விறைப்பும் கூடும். அளவு மிஞ்சினால் துணிக்கைகள் திரண்டு முனையை அடைக்கும். ஒளியைச் சிதறடிப்பதால் ஒளியில் இறுகும் ஜெல்லின் உட்பகுதி பச்சையாகவே நிற்கும். கனியத்தில் நல்ல அனுபவமுள்ள பேராதனை ஆய்வாளருக்கு இந்த இடம் இயல்பாகப் பொருந்தும்: எந்த வடிவப் பளிங்கு, எந்தப் பூச்சோடு, எவ்வளவு சேர்த்தால் மை ஓடும், கலமும் பிழைக்கும் என்று கண்டறிவது.

நேர்வழியும் சுற்றுவழியும்

எலும்பை அச்சிட இன்று இரண்டு சிந்தனைகள் உண்டு. ஒன்று, எலும்பாக்கும் கலங்களை வைத்து நேரடியாக எலும்பை உண்டாக்குவது. இந்த வழியில் பெரிதும் அறியப்பட்டது வேக் பொரஸ்ட் பல்கலைக்கழகத்தில் அற்றலா, ஹியன்-வூக் காங் ஆகியோரின் குழு 2016 இல் வெளியிட்ட அச்சுப்பொறி. அது மென்ஜெல்லையும் பொலிகப்ரோலக்ரோன் என்னும் உறுதியான பல்பகுதியத்தையும் ஒரே துண்டில் மாறிமாறி இட்டது. நடுவே நுண்வழிகளை விட்டு ஒட்சிசன் நுழைய வைத்தது. ஒரு நோயாளியின் சி.ரி. ஸ்கானிலிருந்து கீழ்த்தாடைத் துண்டின் வடிவத்தை அச்சிட்டு ஆய்வகத்தில் வளர்த்தது. எலியின் மண்டையோட்டில் வைத்த துண்டில் ஐந்து மாதங்களில் குருதிக்கலன்கள் ஓடும் எலும்பு உண்டானது. மென்மையான மையை மட்டும் நம்பாமல் அதற்கு ஒரு சாரக்கட்டு கொடுத்ததே இதன் வெற்றி.

மற்றது சுற்றுவழி: முதலில் குருத்தெலும்பை அச்சிட்டு, அதை உடல் எலும்பாக மாற்ற விடுவது. பாசல் பல்கலைக்கழகத்தில் இவான் மார்ட்டின் குழு 2010 இல் மனித ஸ்டெம் கலங்களிலிருந்து உண்டாக்கிய குருத்தெலும்பு, உடலுக்குள் வைத்தபின் எலும்பாகவும் மச்சையாகவும் மாறியதைக் காட்டியது. டப்ளின் டிரினிற்றிக் கல்லூரியில் டானியல் கெலியின் குழு 2016 இல் இதை அச்சுக்குக் கொண்டுவந்தது. காமாக் கதிரால் குறுக்கிய, பிடி சேர்த்த அல்ஜினேற்றில் மச்சைக் கலங்களைக் கலந்து, முதுகெலும்பு ஒன்றின் வடிவத்தில் அச்சிட்டது. நூற்றுக்கணக்கான மடங்கு வலுக் கூட்ட, பொலிகப்ரோலக்ரோன் நூல்களை இடையே ஓட்டியது. சுண்டெலியின் தோலுக்கடியில் வைத்த அந்தத் துண்டு, குருதிக்கலன்களும் மச்சையும் கொண்ட எலும்புறுப்பாக மாறியது.

இரண்டில் சுற்றுவழியே அதிக நம்பிக்கை தருகிறது, காரணம் குருதி. ஒரு கலம் குருதிக்கலனிலிருந்து 0.1 முதல் 0.2 மில்லிமீற்றருக்கு மேல் விலகினால் ஒட்சிசன் போதாமல் தவிக்கும். தாடைத் துண்டொன்று சென்ரிமீற்றர் கணக்கில் தடிப்பானது. எலும்பாக்கும் கலங்கள் அதன் நடுவில் முதல் வாரத்திலேயே மடிந்துவிடலாம். குருத்தெலும்புக் கலமோ குறைந்த ஒட்சிசனில் வாழப் பழகியது. அது முதிர்ந்து பருக்கும்போது குருதிக்கலன்களை இழுக்கும் காரணியைத் தானே சுரந்து அவற்றை உள்ளே அழைக்கிறது. குருதி வந்து சேரும்வரை காத்திருக்கத் தெரிந்த கலத்தை முதலில் அனுப்புவதே அறிவுடைமை. கீழ்த்தாடையின் பெரும்பகுதி கருவில் குருத்தெலும்பு வழியாக அல்லாமல் நேரடியாகவே உருவாவது உண்மைதான். ஆயினும் தட்டையான மண்டையெலும்புக் குறைகளிலும் இந்தச் சுற்றுவழி விலங்குகளில் பலன் தந்துள்ளது.

இடையே வேறு முயற்சிகளும் உண்டு. போர்தோவில் ஃபபியன் கில்லெமோ குழு 2017 இல் கொலாஜனும் நனோ அபத்தைற்றும் மச்சைக் கலங்களும் கலந்த மையைச் சுண்டெலியின் மண்டையோட்டுக் குறைக்குள்ளேயே லேசரால் நேரடியாக அச்சிட்டது. கலங்களை வளையமாக இடுவதைவிட வட்டத் தட்டாக இட்டபோதே எலும்பு நன்றாக வளர்ந்தது. சிட்னியில் கிறிஸ்தோபர் கிலியனின் குழு 2021 இல், உயிர்க்கலங்கள் மிதக்கும் ஜெலற்றின் நுண்துணிக்கைத் தொட்டிக்குள், அறை வெப்பநிலையில் தானே இறுகும் கனிய மையை அச்சிட்டது. சூளை வேண்டாத கனியம் என்பதால் அபத்தைற்று வளமுள்ள நாடுகளுக்கு இம்முறை தனிப் பொருளுடையது.

வளர்ச்சிக் காரணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்ஷல் யூரிஸ்ட் 1965 இல் எலும்பிலுள்ள ஏதோ ஒரு புரதம் தசைக்குள்ளும் எலும்பை எழுப்புவதைக் கண்டார். அதன் வழிவந்த எலும்பாக்கும் புரதம் 2002 இல் அமெரிக்காவில் முதுகெலும்புச் சிகிச்சைக்கு அனுமதி பெற்றது. கொலாஜன் பஞ்சில் மிகை அளவில் ஊற்றி வைத்ததால் கழுத்தில் கடும் வீக்கம் போன்ற விளைவுகள் ஏற்பட, 2008 இல் எச்சரிக்கை வந்தது. டப்ளின் குழு 2020 இல் காட்டிய வழி வேறு. குருதிக்கலன் காரணியை நனோ அபத்தைற்றிலும் எலும்புக் காரணியைக் களிமண் நனோத்துணிக்கையிலும் பிடித்து வைத்து, துண்டின் வெவ்வேறு இடங்களில் அச்சிட்டது. எலியின் தொடையெலும்பில் எலும்பு வேண்டிய இடத்தில் விரைந்து வளர்ந்தது. வேண்டாத இடத்தில் மிகக் குறைவாகவே வளர்ந்தது. ஜெல்லின் மென்மையைவிட, எதை எங்கே எவ்வளவு நாள் பிடித்து வைக்கும் என்பதே அதன் பெரிய ஆற்றல் என்று இந்த ஆய்வு காட்டுகிறது.

நோயாளியின் அருகே

இத்தனைக்குப் பிறகும், உயிர்க்கலங்களோடு அச்சிட்ட எலும்பு எங்கும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. கலமில்லாமல் அச்சிட்டவையே முன்னே சென்றிருக்கின்றன. 90 சதவீதம் ஐதரொட்சி அபத்தைற்றும் மீதி நெகிழ்வான பல்பகுதியமும் கொண்டு 2016 இல் ரமீல் ஷாவின் ஆய்வகத்தில் உருவான, கையால் வெட்டி மடிக்கக்கூடிய எலும்புப் பொருளின் வழிவந்த ஒரு தயாரிப்பு 2023 இறுதியில் அமெரிக்க அனுமதி பெற்றது.

தாடைப் புற்றுநோயாளிக்கு உயிரச்சுத் துண்டைப் பொருத்துவதில் தனித் தடைகள் உள்ளன. சத்திரசிகிச்சைக்குப் பின் பலருக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தேவைப்படும். கதிர்பட்ட தாடையில் குருதிக்கலன்கள் நலிந்துவிடும். சில வேளை எலும்பே மடிந்துபோகும். குருதியை அழைக்கும் கலத்தை அனுப்பினாலும் அழைப்பைக் கேட்டு வரக் கலன்கள் இருக்காது. புற்றுநோய் இருந்த இடத்தில் வளர்ச்சிக் காரணிகளை வைப்பது, எஞ்சியிருக்கக்கூடிய நோய்க் கலங்களையும் தூண்டும் ஆபத்துடையது. வாய் கிருமிகள் நிறைந்த இடம்; ஈரமான ஜெல் அவற்றுக்கு நல்ல உணவு. மெல்லும் விசை முதல் நாளிலிருந்தே தாடையில் இறங்கும். மென்மையான துண்டு மாதக்கணக்கில் தகட்டின் துணையோடுதான் நிற்க முடியும். ஆகவே வெற்றிலைப் புற்றுநோய் கண்டியில் எலும்பின் தேவையை எவ்வளவு உரக்கச் சொன்னாலும், உயிரச்சின் முதல் நோயாளி தாடைப் புற்றுநோயாளராக இருக்கக் கூடாது.

இதற்குள் அவருக்குப் பயன்படும் எளிய அச்சு ஒன்று உண்டு. சி.ரி. ஸ்கானிலிருந்து தாடையின் மாதிரியைச் சாதாரணப் பிளாஸ்ரிக் அச்சுப்பொறியில் எடுத்து, சத்திரசிகிச்சைக்கு முன்பே தைத்தேனியத் தகட்டை அதன்மேல் வளைத்து வைத்தால், மேசையில் நேரம் மிச்சமாகும். கணைக்கால் எலும்பை வெட்ட வேண்டிய கோணங்களும் முன்கூட்டியே தெரியும். நாளை உயிரச்சுக்கு வேண்டியதும் இதே வடிவக் கோப்பே. இப்போதே அதைத் தயாரித்துப் பழகும் வைத்தியசாலை, நாளைய வேலையின் பாதியைச் செய்து முடித்ததாகும்.

விலங்கிலிருந்து மனிதருக்கு வரும் வழியும் நீண்டது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் இதய வால்வு பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்புக்குப் பின்பே 1990 இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதில் உயிர்க்கலமே இல்லை. கலம் கலந்த துண்டு மருந்தும் சாதனமும் ஒருசேர. இலங்கையில் இரண்டையும் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை கவனிக்கிறது. இந்தியாவில் ஸ்டெம் கல ஆய்வுக்கு 2017 ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டல்கள் உண்டு. நோயாளியின் மச்சையை எடுத்து, கிருமியற்ற அறையில் கலங்களை வளர்த்து, குறித்த நாளில் அச்சிட்டு, அன்றே பொருத்தக்கூடிய கூடமும் பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லாமல் சட்டம் மட்டும் போதாது. ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம், பேராதனையின் விஞ்ஞான, பொறியியல், மருத்துவ, பல் மருத்துவ, மிருகவைத்திய பீடங்கள், கண்டி வைத்தியசாலைகள் எல்லாம் ஒரு மணிநேரப் பயணத்துக்குள் அடங்குவது இந்தப் பிரதேசத்தின் பெரிய வசதி. நாட்டின் மிருகவைத்தியப் பீடமும் அங்கேயே இருப்பதால், செம்மறியாடு போன்ற பெரிய விலங்குகளில் பரீட்சிக்கும் கட்டத்துக்கும் வெளியே போக வேண்டியதில்லை.

மனிதரில் முதலில் பொருத்தமான இடம், பிளவுபட்ட உதடும் அண்ணமும் கொண்டு பிறந்த பிள்ளைகளின் மேல்தாடைப் பல்வரம்பில் உள்ள இடைவெளி. அப்பிள்ளைகளுக்கு ஒன்பது முதல் பதினொரு வயதுக்குள், கோரைப்பல் முளைக்குமுன், இடுப்பெலும்பிலிருந்து மென்மையான எலும்பை எடுத்து அந்த இடைவெளியை நிரப்புவதே இன்றைய வழக்கம். குறை சிறியது, சுற்றிலும் குருதியோட்டம் நன்றாக உள்ளது, புற்றுநோயும் கதிர்வீச்சும் இல்லை, மெல்லும் முழு விசையும் அதில் இறங்குவதில்லை, பிள்ளையின் உடல் எலும்பை விரைந்து கட்டும். வெற்றி தோல்வியை அளக்கவும் எளிது: ஆறு மாதத்துக்குப் பின் எடுக்கும் ஸ்கானில் இடைவெளி எவ்வளவு நிரம்பியது, கோரைப்பல் அந்தப் புதிய எலும்பு வழியாக இறங்கியதா என்று பார்த்தால் போதும். இடைவெளி நிரம்பாவிட்டாலும் இடுப்பெலும்பு என்னும் பழைய வழி அப்பிள்ளைக்குத் திறந்தே இருக்கும்.